முப்பது நாள் விசா

என் தங்கை மலேசியாவில், மாசாயில் ஒரு கிளினிக்கின் கவுன்டரில் வேலை பார்த்தாள். ஒரு நாள் காலை, பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். வெல்டிங் வெளிச்சம் பட்டு இரண்டு கண்களும் வீங்கி, திறக்க முடியாமல் இருந்தார். அவரால் எழுத முடியாது என்பதால் படிவத்தைத் தங்கையே கேட்டுக் கேட்டு நிரப்பினாள். பெயர், பாஸ்போர்ட் எண், வயது. திருமணம் ஆகிவிட்டதா என்ற கட்டம் வந்தபோது, "இன்னும் இல்லைங்க, வீட்ல பாத்துக்கிட்டு இருக்காங்க" என்று கண்ணை மூடியபடியே விவரமாகப் பதில் சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்தும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் என்று அப்பா பிறகு என்னிடம் சொன்னார்.

கண் குணமான பிறகும் அவர் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத்தான், அவரைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகத் தங்கை என்னிடம் சொன்னாள். அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் நல்லவர் என்று எனக்கும் தெரிந்தது. அவர் இந்து, நாங்கள் கத்தோலிக்கர்கள். அதைப் பற்றி அப்பாவே கவலைப்படாதபோது நான் என்ன சொல்ல?

அப்பா பாசிர் கூடாங் துறைமுகத்தில் சரக்கைச் சரிபார்க்கும் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்து பல வருடம் ஆகியிருந்தது. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். அதை எங்கள் வீட்டில் 'மிஷினுக்குப் போறது' என்போம். தங்கை காலையில் கிளினிக்கில் வேலை முடித்து, மதியம் அப்பாவைக் காரில் ஏற்றி மிஷினுக்குக் கொண்டுபோவாள். நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்து கூட்டி வருவாள். அவர் குடிக்கும் தண்ணீரைக் கூட அளந்து வைத்திருப்பாள். நான் மனைவி பிள்ளைகளோடு கெலாங் பாத்தாவில் இருந்தேன். பாலத்தைக் கடந்து அடுத்த நாட்டில், துவாஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பழங்களோடு போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவது மட்டுமே என் கடமையாக இருந்தது.

திருமணத்தை இங்கேயே பதிந்துவிடலாம் என்று நினைத்து, நானும் தங்கையும் பதிவிலாகாவுக்குப் போய்க் கேட்டோம். கவுன்டரில் இருந்த மலாய்க்கார அம்மா அவருடைய பாஸ்போர்ட் நகலைப் புரட்டி, பெர்மிட் ஒட்டியிருந்த பக்கத்தில் விரலை வைத்தார். "தாக் போலே, டிக்" என்றார். முடியாது தம்பி, என்று அன்பாகத்தான் சொன்னார். தொழிலாளர் பெர்மிட்டில் வந்தவர் இந்த நாட்டில் இருக்கும்வரை இங்கே திருமணம் செய்துகொள்ளக் கூடாது. மீறினால் பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அப்ப நான் அங்க போய்க் கட்டிக்கிறேன் அண்ணே" என்றாள் தங்கை, காருக்கு வரும்போதே. "அவருக்கு கான்ட்ராக்ட் முடிய நாலு மாசம்தான் இருக்கு. ஊருக்குப் போயிடுவாரு. நான் பின்னாடியே போறேன்."

"போயிட்டு?"

"ஒரு வருஷம் அங்க இருந்துட்டு, அப்புறம் அவரைக் கணவர்னு சொல்லி இங்க கூட்டிட்டு வரலாமாம். விசாரிச்சுட்டேன்."

அந்த ஒரு வருடம் என் காதில் தங்கிவிட்டது.

வெளிநாட்டுக்குப் போய்த் திருமணம் செய்வது எவ்வளவு காகித வேலை என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. அவள் திருமணமாகாதவள் என்று பதிவிலாகா ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதற்கு முன், சத்தியப் பிரமாணம் செய்துவைக்க அதிகாரம் பெற்றவர் முன்னால் அவள் அதையே சொல்லிக் கையெழுத்திட வேண்டும். பிறகு அந்தச் சான்றிதழைப் புத்ராஜெயாவுக்குக் கொண்டுபோய் வெளியுறவு அமைச்சின் முத்திரையை வாங்க வேண்டும், கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்தின் முத்திரையையும் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் பழசானால் அங்கே ஏற்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை அழைத்துப்போனேன். புத்ராஜெயா போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. விடியற்காலையில் கிளம்பி, வழியில் ஓய்வு நிறுத்தத்தில் நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக் காரிலேயே சாப்பிட்டோம். சிறு வயதுக்குப் பிறகு நாங்கள் இருவரும் தனியாக இவ்வளவு நேரம் பேசியதில்லை. முத்திரை குத்திய தாளை அவள் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டாள். "நீங்க இல்லன்னா இதெல்லாம் எனக்கு ஆகாதுண்ணே" என்றாள். அன்றுவரை நான் உண்மையாகவே நல்ல அண்ணன்தான். இதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மாதத்தில் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, இங்க ஆபீஸ்ல விசாரிச்சேன். ரெண்டு பேரும் வேற வேற மதங்கிறதால சிறப்புத் திருமணச் சட்டத்துலதான் பதியணுமாம். அவங்க வந்து நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டு, முப்பது நாள் முழுசா கழிஞ்சாத்தான் கல்யாணம். யாராச்சும் ஆட்சேபம் சொல்றாங்களான்னு பாப்பாங்களாம். விசா எடுக்கும்போது கொஞ்சம் கூடவே இருக்கிற மாதிரி பாத்துக்குங்கண்ணே."

"நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கணினி முன்னால் உட்கார்ந்தேன். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். தங்கையின் பாஸ்போர்ட்டும் படமும் என்னிடம் இருந்தன. விண்ணப்பத்தில் ஓர் இடத்தில் இரண்டு தெரிவுகள் வந்தன. முப்பது நாள் விசா, ஒரு வருட விசா.

என் மனைவிதான் தூண்டினாள் என்று எழுதினால் என் பழி பாதியாகக் குறையும். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. "அப்பாவை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்று முதலில் சொன்னதே அவள்தான். பயந்தது நான். வாரத்துக்கு மூன்று நாள் மிஷின், அளந்து கொடுக்கும் தண்ணீர், மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரி என்று எல்லாம் என் வீட்டுக்குள் வந்து ஒரு வருடம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஒரு வருடம் என்பது அப்பாவின் கடைசி வருடம் வரைக்கும் நீளலாம் என்றும் நினைத்தேன். அவள் ஒரு முறை போய், முடியாமல் திரும்பி வந்தால், கொஞ்சம் ஆறப்போடுவாள். அதற்குள் ஏதாவது வழி பிறக்கும். இப்படித்தான் நினைத்தேன். திருமணம் நின்றுபோக வேண்டும் என்று நினைக்கவில்லை, தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன். இதைச் சொல்வதால் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை.

முப்பது நாளை அமுக்கினேன்.

விசா வந்ததும் அவளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "முப்பது நாள்தானா அண்ணே?"

"மொத தடவ இப்படித்தான் குடுப்பாங்கம்மா. ஒரு மாசம்னா ஒரு மாசம்தானே, போதும்."

"சரிண்ணே" என்றாள். அதற்கு மேல் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

அவள் ஒரு வியாழக்கிழமை போய் இறங்கினாள். அடுத்த வாரம் திங்கட்கிழமைதான் பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்க முடிந்தது. அங்கே இருந்தவர் அவளுடைய விசாத் தாளையும் நாள்காட்டியையும் மாறி மாறிப் பார்த்து, "என்னம்மா, நோட்டீஸ் நாள் முடியறதுக்கு முன்னாடியே உங்க விசா முடியுதே?" என்று கேட்டிருக்கிறார். நான்கைந்து நாள்தான் குறைந்தது. ஆனால் குறைந்தது.

அன்று மாலை போன் வந்தது. நான் வேலை முடிந்து பாலத்தில் வாகன வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணே, இதை நீட்டிக்க முடியுமான்னு கொஞ்சம் பாக்குறீங்களா?"

"முடியாதும்மா. இந்த மாதிரி விசாவ நீட்டிக்க மாட்டாங்க. சட்டம் அப்படி."

"அலமாக்! அவரோட அம்மா ஊர் பூராவும் சொல்லி வச்சிருக்காங்கண்ணே." பிறகு அவளே சொன்னாள். "பரவால்ல, நீங்க என்ன பண்ணுவீங்க. வேலையும் பாத்துக்கிட்டு, இதையும் பாத்துக்கிட்டு. அப்பா எப்படி இருக்காரு? உங்களுக்குத்தான் ரொம்ப சிரமம்."

அவள் என்னிடம் கோபித்துக்கொண்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்காக வருத்தப்பட்டவளிடம் என்ன சொல்வது? முன்னால் இருந்த கார் நகர்ந்தும் நான் நகரவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

அந்த மாதம் அப்பா எங்கள் வீட்டில் இருந்தார். கெலாங் பாத்தாவிலேயே ஒரு மையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. மனைவி கொண்டுபோய் விட்டாள், சில நாள் நான் போய்க் கூட்டி வந்தேன். நான் பயந்தது போல எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் அவரோடு உட்கார்ந்து கேரம் ஆடினார்கள். சாப்பாட்டில் உப்பில்லை என்று ஒரு நாள் கூட அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வருடத்தை இப்படியே ஓட்டியிருக்கலாம் என்று இரண்டாவது வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் மிஷினிலிருந்து திரும்பும்போது, காரில் அப்பா கேட்டார்.

"ஏம்ப்பா, பக்கத்து வீட்டுக்காரரு வேளாங்கண்ணி போயிட்டு வந்தாரே, அவரு ஒரு வருஷ விசா வச்சிருந்தாரு. நீ ஏன் தங்கச்சிக்கு அப்படி எடுக்கல?"

"கவனிக்கலப்பா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடம் துறைமுகத்தில் சரக்கையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர். நான் சாலையையே பார்த்து ஓட்டினேன். சிவப்பு விளக்கில் நின்றபோது, பஞ்சு ஒட்டியிருந்த கையைத் தடவிக்கொண்டே, "என்னைக் கூட்டிட்டு அலையறது சிரமந்தான்" என்றார். என்னைக் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. மறுநாளே, தங்கை வருவதற்கு முன்னால் வீட்டைத் திறந்து காற்றாட வைக்க வேண்டும் என்று சொல்லி, மாசாய்க்குக் கொண்டுபோய் விடச் சொன்னார். நான் தடுக்கவில்லை.

தங்கை திருமணமாகாமல் திரும்பி வந்தாள். அங்கே மாப்பிள்ளையின் அத்தை வீட்டில் தங்கியிருந்திருக்கிறாள். மலேசியாக்காரப் பெண் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள் என்று ஊரில் பேசினார்களாம். அவருடைய அம்மா அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கோயிலுக்குக் கூடப் போகவில்லையாம். கொடுத்த நோட்டீஸ் மூன்று மாதத்துக்குச் செல்லும், அதற்குள் திரும்பிப் போய்விடலாம் என்று தங்கை நம்பினாள். நான் மனது வைத்திருந்தால் போயிருக்கவும் முடியும். மீண்டும் விசா எடுத்துக் கொடுத்து, அப்பாவை அழைத்து வந்து வைத்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அப்பா வரமாட்டேன் என்றார். அதன் காரணம் எனக்குத் தெரியும் என்பதால் வற்புறுத்தவும் நாக்கு எழவில்லை. அடுத்த மாதம் அப்பாவின் கையில் மிஷினுக்கு ஊசி போடும் இடம் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நோட்டீஸ் காலாவதியானது. சான்றிதழும் ஆறு மாதத்தைத் தாண்டியது. மாப்பிள்ளை வேலையில்லாமல் இருக்க முடியாமல், வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய்விட்டார்.

அந்த இரண்டு வருடத்தில் அப்பா இறந்தார். கடைசி நாள் வரைக்கும் தங்கைதான் பார்த்தாள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. அடக்கத்துக்கு வந்த உறவினர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி கல்யாணத்துக்கு எவ்வளவு அலைஞ்சே, நேரம் கூடி வரல" என்று ஆறுதல் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

அவர் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியதும் தங்கை மறுபடியும் தொடங்கினாள். இந்த முறை சான்றிதழுக்கும் முத்திரைக்கும் அவளே பஸ் ஏறிப் போய் வந்தாள். அச்செடுக்கும் மிஷின் என் வீட்டில் இருந்ததால், விசாவுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். கணினி முன்னால் அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, இங்க பாருங்க. முப்பது நாள், ஒரு வருஷம்னு ரெண்டு இருக்கு."

"ம்."

"இது புதுசா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது.

"புதுசில்ல. அப்பவும் இருந்துச்சு."

"நீங்க கவனிக்கலையா?"

"கவனிச்சேன்."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "நோட்டீஸ் முப்பது நாள்னு அண்ணன்கிட்ட சொன்னேனேன்னு அவரு அப்பவே கேட்டாரு. நாந்தான், அண்ணன் வேலைக்கு மத்தியில மறந்திருப்பாரு, இதையெல்லாம் கேக்காதீங்கன்னு அவரைத் திட்டினேன்."

"மறக்கலம்மா. தெரிஞ்சேதான் செஞ்சேன். நீ ஒரு வருஷம் போயிட்டா அப்பாவை நான் வச்சிருக்கணுமேன்னு பயந்துட்டேன்."

வெளியே தூறல் விழுந்தது. அவள் எழுந்து போய், கொடியில் கிடந்த எங்கள் துணிகளை எடுத்து வந்தாள். சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தாள். என் சட்டைகளையும் மடித்தாள். உள்ளே இருந்து வந்த என் மனைவி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று தங்கை கேட்டாள்.

"கார்ல ஒரு நாள் கேட்டாரு. நான் பொய் சொன்னேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "மிஷினுக்குப் போகும்போதெல்லாம் என்னை மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரும்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தாருண்ணே. எதுக்குப்பான்னு கேட்டா சொல்ல மாட்டாரு. நோயில ஒளர்றாருன்னு நெனச்சு, சும்மா இருங்கப்பான்னு அதட்டிட்டேன்."

செய்தது நான், மன்னிப்புக் கேட்டது அப்பா. நான் அவளிடம் அதுவரை ஒரு முறை கூடக் கேட்கவில்லை. அன்று கேட்டேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கணினி முன்னால் வந்து உட்கார்ந்து, ஒரு வருடத்தை அமுக்கினாள். அடுத்த பக்கத்தில், இந்த நாட்டில் அவளைத் தெரிந்த ஒருவரின் பெயரும் முகவரியும் கேட்டிருந்தது. சற்று யோசித்துவிட்டு என் பெயரையே அடித்தாள்.

"உங்க முகவரிக்குப் போஸ்கோட் நம்பர் என்னண்ணே?" என்றாள். சொன்னேன்.

சிறப்புத் திருமணச் சட்டப்படி மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். ஒருவர் அவள் பக்கத்திலிருந்து இருந்தால் நன்றாக இருக்கும் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். "லீவு கிடைச்சா வாங்க" என்று தங்கை எனக்கு ஒரு வரி அனுப்பினாள். போனேன். பட்டுக்கோட்டையில், மின்விசிறி சத்தமாகச் சுற்றும் ஓர் அறையில், இருவரும் பதிவாளர் முன்னால் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திட்டார்கள். அவளுக்கு முப்பத்தாறு வயது. நெற்றியோரம் நரை தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பிடித்து நடக்கும் நிலைமைக்கு வந்திருந்தார். என் கையைப் பிடித்து, "இப்பவாச்சும் கொண்டாந்து சேத்தீங்களே, தம்பி" என்றார். மாப்பிள்ளை பேனாவை என்னிடம் நீட்டி, "போடுங்க மச்சான்" என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தங்கை அவரிடம் சொல்லியிருப்பாளா என்று அவர் முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்தைப் போட்டேன்.

இப்போது அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். என் மனைவியிடம் நெடுநேரம் பேசுவாள், பிள்ளைகளிடம் பேசுவாள். பிறகு போன் என்னிடம் வரும். "நல்லா இருக்கீங்களா அண்ணே, உடம்பப் பாத்துக்குங்க" என்பாள். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது.

வெளிநாட்டில் திருமணம் செய்த மலேசியர் ஆறு மாதத்துக்குள் அதை நம் நாட்டுக் கணக்கிலும் பதிய வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த நாளை நான் போனில் குறித்து வைத்திருந்தேன். என்னென்ன படிவம், எத்தனை நகல், சென்னையில் எந்த அலுவலகம் என்றெல்லாம் விசாரித்து, ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். நான்காவது மாதம் அவள் கூப்பிட்டபோது, தாளை எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன்.

"அதுவா? போன மாசமே சென்னைக்குப் போய்ப் பதிஞ்சிட்டோம்ணே" என்றாள். "நானே எல்லாத்தையும் படிச்சுப் பாத்துக்கிட்டேன்."

"அப்படியா, நல்லதும்மா" என்றேன். தாளை மடித்து வைத்தேன். அண்ணியிடம் கொடுங்க என்றாள், கொடுத்தேன்.